ஏழு தண்ணி

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஏழுதண்ணி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அங்கேயுள்ள ராட்சச மெஷின்கள் போர்வைகளை மூன்று தண்ணீரில் அலசிவிட்டுத் தாமாகவே நின்றுவிடும். ஒருமுறை குழந்தைகள் வார்டில் பச்சைக் குழந்தைகளின் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துபோய், டாக்டர் ஒரு போர்வையை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தால், நுரை. அன்றிலிருந்து அக்காவின் ஷிப்டில் ஏழு தண்ணீர். மெஷின் நின்றால் மறுபடி தட்டிவிடுவாள். தண்ணீர் வீணாகிறது என்று சூப்பர்வைசர் ஒருநாள் குதித்தார். "உங்க பேரக்குழந்தைய இதுல படுக்க வைங்க சார், நான் மூணோட நிறுத்திக்கறேன்" என்றாள். மனுஷன் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

இப்படி வாயுள்ளவள் வீட்டுக்குப் போனால் மட்டும் அந்த வாயை எங்கே வைப்பாளோ தெரியாது. வீடு என்றால் தம்பியின் வீடு. மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை. ஒன்றில் தம்பியும் தம்பி மனைவியும், இன்னொன்றில் பத்தாவது படிக்கும் அவர்கள் பெண். அக்காவுக்கு ஹாலில் சோபா. எல்லோரும் டிவி பார்த்து முடித்து எழுந்த பிறகுதான் அது கட்டிலாகும். காலையில் ஆறு மணி ஷிப்டுக்கு நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதால், டிவியில் கொலைகாரன் யார் என்று தெரிகிற வரைக்கும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொலைகாரன் சீக்கிரம் மாட்டிக்கொண்டால் அவளைவிட சந்தோஷப்படுகிறவர் யாரும் இல்லை.

அவள் சொத்து ஒரு டிரங்குப் பெட்டி. அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து டிவியை வைத்திருந்தார்கள். வந்த புதிதில் தற்காலிகமாக வைத்தது. அப்படியே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது, டிவி மட்டும் மூன்று தடவை மாறியது. பெட்டியைத் திறக்க வேண்டுமானால் டிவியை இறக்க வேண்டும், அதற்குத் தம்பி வேண்டும், தம்பிக்கு நேரம் வேண்டும். அதனால் அன்றாடம் கட்டுகிற துணிகளை பால்கனியில் ஒரு பையில் போட்டு மாட்டி வைத்திருந்தாள். அந்த வீட்டில் அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம் குளியலறை. அதிலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனால், "அத்தை, எனக்கு லேட்டாகுது" என்று கதவு தட்டப்படும்.

தம்பி கெட்டவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கெட்டவனாக இருந்திருந்தால் கதையே வேறு. கல்யாணமாகி எட்டே மாதத்தில் அவள் இருந்த நிலைமை காதில் விழுந்ததும், அப்போது இருபத்துமூன்று வயதுப் பையன், ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு போய், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அக்காவையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை கேட்டதில்லை. செய்ததைச் சொல்லிக் காட்டியதும் இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம், மனசு ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, யாரிடமும் சொல்லாமல், மருத்துவமனையின் பெண் ஊழியர் விடுதியில் ஓர் அறைக்கு எழுதிப் போட்டிருந்தாள். வரிசை நீளம், வரும்போது வரும் என்றார்கள். வீட்டில் வாயைத் திறக்காமல் காத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை விடுதி வார்டன் சலவைக்கூடத்துக்கே வந்து, ஆவி பறக்கும் இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் நின்று ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். மூன்றாம் மாடியில் பதினொன்றாம் எண் அறை காலியாகிறது. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்துக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டும். தவறினால் அடுத்தவருக்கு.

அக்கா அந்தத் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மெஷின் ஓடுகிற சத்தம்கூட அவளுக்குப் பாட்டாகக் கேட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். 'தம்பி, ஒரு விஷயம்' என்று ஆரம்பிக்க வேண்டும், சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், அழக் கூடாது.

கதவைத் திறந்த தம்பி மனைவி அவளை ஆரம்பிக்க விடவில்லை.

"அண்ணி, நல்லவேளை வந்தீங்க. சனிக்கிழமை மத்தியானம் அவரோட மேனேஜரும் அவங்க வீட்டம்மாவும் சாப்பிட வர்றாங்க. அந்தம்மாவுக்கு அரிசி ஆகாதாம், கோதுமை ஆகாதாம். இதுதான் சாப்பிடுவாங்களாம்." ஒரு பாக்கெட்டை நீட்டினாள். கினோவா என்று போட்டிருந்தது. உள்ளே, குருவிக்குப் போடுகிற தீனி மாதிரி, பொடிப்பொடியாக வெளிறிய மணிகள்.

"இது என்னம்மா இது?"

"தென் அமெரிக்காவுல ஏதோ மலை மேல விளையுதாம் அண்ணி. வேகவெச்சு, ஆறவெச்சு, காயெல்லாம் நறுக்கிப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாலட் பண்ணணும். வீடியோ இருக்கு, காட்டறேன். நீங்க கை வெச்சா எல்லாம் நல்லா வரும்."

தம்பி குழாய், வாஷ்பேசின் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். புதிதாகத் திறக்கிற கிளையை அவனிடம் கொடுப்பார்களா, அவனுக்குப் பின்னால் சேர்ந்த ஒருத்தனிடம் கொடுப்பார்களா என்பது அந்த மேனேஜரின் கையில் இருந்தது. அதனால் அந்த வாரம் முழுக்க வீட்டில் மேனேஜர் பேச்சுத்தான். சாயங்காலம் தம்பி வந்ததும் அக்கா, "தம்பி, ஒரு விஷயம்" என்றாள்.

"சனிக்கிழமை முடியட்டும்க்கா. அப்புறம் ஆயிரம் பேசலாம்" என்றான் அவன். சனிக்கிழமை முடிந்தால் பேச ஒன்றுமே இருக்காது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? தாள் ரவிக்கைக்குள்ளேயே இருந்தது.

வியாழக்கிழமை ஒத்திகைச் சமையல். வீடியோவில் ஓர் இளம்பெண் பாக்கெட்டைப் பிரித்து நேரே கொதிக்கிற தண்ணீரில் கொட்டினாள். தம்பி மனைவியும் அப்படியே கொட்டினாள். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், கால் மணி நேரம். வெந்ததும் ஒவ்வொரு மணியிலிருந்தும் சின்னதாக ஒரு வெள்ளை வால் பிரிந்து சுருண்டு நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், குடமிளகாய், புதினா எல்லாம் போட்டுக் கலந்து, எலுமிச்சை பிழிந்து, நாலு பேரும் ஆளுக்கொரு கரண்டி வாயில் வைத்தார்கள்.

தம்பி மென்றான். முழுங்கினான். "மருந்தா இது?" என்றான்.

தம்பி பெண் எழுந்து ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தாள். கசப்பு. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிற கசப்பு. அதோடு ஒரு வழவழப்பு வேறு.

"பாத்திரம் சரியா கழுவலையா அண்ணி? சோப்பு வாசனை வருது" என்றாள் தம்பி மனைவி. குத்திச் சொன்னதில்லை, பதற்றத்தில் வந்த வார்த்தைதான். ஆனாலும் ஏழுதண்ணி அக்காவைப் பார்த்துச் சோப்பு என்று சொல்லலாமா! அவளுக்குச் சுருக்கென்றது. நேற்று பாத்திரம் விளக்கியது அந்தப் பெண்தான் என்பதால், "ஒழுங்கா அலசறதில்லையா நீ?" என்று அதன்மேல் பாய்ந்தாள். பாவம், அது ஒன்றும் புரியாமல் விழித்தது. அந்த வீட்டில் அக்கா சத்தம் போடக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அதைப் பிறகு நினைத்து அக்காவே வெட்கப்பட்டாள்.

அந்தக் கோபத்தோடு அதே பாத்திரத்தை எடுத்து ஏழு தண்ணீர் விட்டு அலசினாள். கடைசித் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அதில் ஒரு பிடி பச்சைக் கினோவாவைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கையால் கலக்கினாள். குபுகுபுவென்று நுரை பொங்கியது.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அழுக்கின் நுரையில்லை, மாவின் நுரையில்லை. இத்தனை வருஷமாகப் பார்த்துப் பழகிய, வெள்ளை வெளேரென்ற சோப்பு நுரை. கொட்டினாள், மறுபடி விட்டாள், மறுபடி நுரைத்தது. பாத்திரத்தில் ஒன்றுமில்லை, மணியிலேயே சோப்பு இருக்கிறது. பிறவியிலேயே சோப்போடு பிறந்திருக்கிறது இந்தச் சனியன். அப்படியானால் கசப்பும் அதுதான், அலசினால் போய்விடும். பெண்ணின் அறைக்குப் போய், "உன்மேல தப்பில்லடி கண்ணு" என்றாள். அது படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, தலையைத் தூக்காமல், "சரி அத்தை" என்றது.

விஷயத்தைத் தம்பி மனைவியிடம் சொல்ல வந்தாள். அவள் போனில் தன் அம்மாவிடம், "அண்ணி பாத்துக்குவாங்க, அண்ணி இருக்கற வரைக்கும் எனக்கென்ன கவலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அக்கா திரும்பிவிட்டாள். பாராட்டுத்தான். ஆனால் யாரோ வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போகிற சத்தம் போல அது அவளுக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு மத்தியான ஷிப்டு. காலையில் அவள் விடுவதாக இல்லை. தம்பி ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது எதிரில் போய் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல எனக்கு ரூம் வந்திருக்குப்பா. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை; அடிபட்ட முகம். "உனக்கு இங்க என்னக்கா குறை?"

எதைச் சொல்வது? சோறில்லையா, மரியாதையில்லையா? டிவி பார்த்து முடிக்கிறவரை தூங்க முடியவில்லை என்றா? பெட்டியைத் திறக்க முடியவில்லை என்றா? இதெல்லாம் ஒரு குறையா என்று யாரும் சிரிப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வரும்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

"அப்புறம் என்ன? நாளைக்கு அவங்க வர்ற நேரத்துல இதெல்லாம் வேண்டாம்க்கா. நீ இல்லன்னா இந்த வீடு என்ன ஆகும், யோசிச்சுப் பாரு" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினான். படியிறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்லத் தெரியாத தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அன்றைக்கு ஷிப்டில் யாரோடும் பேசவில்லை. சரி, விதித்தது அவ்வளவுதான் என்று ஏறக்குறைய முடிவுக்கே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை விருந்துக்காக லீவு போட்டிருந்தாள். பதினோரு மணிக்கு அவள் போன் அடித்தது. வார்டன். அக்கா பால்கனிக்குப் போய், தன் துணிப்பைக்குப் பக்கத்தில் நின்று எடுத்தாள்.

"இன்னிக்கு வந்துடுவீங்கல்ல? போன தடவை மாதிரி வேண்டாம்னு எழுதிக் குடுத்துடாதீங்கம்மா. அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"போன தடவையா? நான் எப்பம்மா எழுதிக் குடுத்தேன்?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க பேர் வந்துதே? வீட்டுக்கு லெட்டர் போட்டோமே. உங்க தம்பிதான் நேர்ல வந்து உங்க பதிலைக் குடுத்தாரு. உங்களுக்கு விருப்பமில்ல, எழுதி அனுப்பியிருக்கீங்கன்னாரு. அதனாலதான் மறுபடி கடைசிக்குப் போட்டு, இந்தத் தடவை உங்க கையில குடுத்தேன்." வார்டன் நிறுத்தினாள். "ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். மறந்துட்டேன்" என்றாள் அக்கா. தம்பியை ஊராரிடம் விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. அந்த நேரத்திலும் வரவில்லை, பாருங்கள்.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். இரண்டு வருஷம். எழுநூறு ராத்திரிக்கு மேல் அந்தச் சோபாவில் வரிசை நகர்கிறது, வரிசை நகர்கிறது என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். இவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறான். பத்தொன்பது வருஷத்தில் அவன்மேல் முதல்முறையாக ஆத்திரம் வந்தது.

மேடைமேல் கினோவா பாக்கெட் இருந்தது. தம்பி மனைவி எட்டிப் பார்த்து, "அண்ணி, அந்தக் கசப்புக்கு இன்னும் ரெண்டு எலுமிச்சம்பழம் சேத்துப் பிழிஞ்சா சரியாப் போயிடும்ல?" என்று கவலையோடு கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

நுரை விஷயம் அந்த வீட்டில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அலசாமல் அப்படியே வேகவைத்தால் போதும். மேனேஜர் மனைவி ஒரு கரண்டி வாயில் வைப்பாள், முகம் கோணும், தம்பியின் கிளை அங்கேயே போய்விடும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது; வீடியோவில் சொன்னபடிதானே செய்தாள். மூடியிருந்த குழாயடியில், பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றாள். செய்துவிடுவாள் போலத்தான் இருந்தது. மனசு செய் செய் என்றது.

கைதான் கேட்கவில்லை. சோப்போடு ஒரு பொருளை அடுத்தவர் உடம்புக்கு அனுப்பிப் பழக்கமில்லாத கை. மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து அதில் கினோவாவைக் கொட்டினாள். வடிகட்டியில் போட்டால் எல்லா மணியும் ஓட்டை வழியாகப் போய்விடும். மூட்டையாகக் கட்டிக் குழாயடியில் பிடித்துக் கசக்கினாள். முதல் தண்ணீர் வெள்ளையாகப் பொங்கியது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு தண்ணீருக்கும் வாய்க்குள்ளேயே தம்பியை ஒரு திட்டுத் திட்டினாள். ஐந்தாவதில் நுரை ஓரத்தில் மட்டும் நின்றது. ஆறாவதில் நாலைந்து குமிழி. ஏழாவது தண்ணீர் தெளிந்து ஓடியது. திட்டும் தீர்ந்திருந்தது. கோபம் மட்டும் தீரவில்லை. அது தெளிவாக, அடியில் கிடக்கிற கல் தெரிகிற மாதிரி, இன்னும் நன்றாகத் தெரிந்தது.

வேகவைத்துத் தட்டில் பரப்பி விசிறி ஆற்றினாள். சூட்டோடு கலந்தால் வெள்ளரிக்காய் துவண்டுவிடும். காயெல்லாம் அந்த மணி அளவுக்கே பொடியாக நறுக்கி, வேகவைத்த சோளமும் போட்டு, உப்பு, மிளகு, எலுமிச்சை, எண்ணெய் விட்டுக் கலந்தாள். ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தாள். துளிக் கசப்பில்லை. பல்லில் நறுக் நறுக்கென்று உடைந்து, லேசாகப் பருப்பு வாசனை அடித்தது.

ஒரு மணிக்கு வருவதாகச் சொன்ன விருந்தாளிகள் இரண்டரைக்கும் வரவில்லை. பெரிய மனிதர்கள் எப்போது நேரத்துக்கு வந்தார்கள்? தம்பி பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று. விடுதியில் சாவி மேஜைமேல் வைத்திருப்பார்கள். விடுதிக்கு இங்கிருந்து வேகமாக நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். மூன்றேகாலுக்கு மேனேஜர் வந்தார். சாப்பிட உட்கார மூன்றேமுக்கால் ஆயிற்று. போக்குவரத்து நெரிசல் பற்றியே அரைமணி நேரம் பேசக்கூடிய மனிதரை அக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மேனேஜர் மனைவி ஒல்லியான, சாந்தமான பெண்மணி. எங்கே போனாலும் தனக்குப் பிடிக்காததைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு கரண்டி எடுத்து, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, வாயில் போட்டாள். பிறகு இன்னொரு கரண்டி போட்டாள். பிறகு பாத்திரத்தையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் எட்டு மாசமா இதைச் சாப்பிடறேன். எங்க வீட்டுல பண்ணினா எப்பவும் ஒரு கசப்பு இருக்கும். இதுல இல்லவே இல்லையே, எப்படிப் பண்ணீங்க?"

"அதுவா, கொஞ்சம் எலுமிச்சம்பழம் கூடப் பிழிஞ்சோம்" என்றாள் தம்பி மனைவி.

"அதெல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். போகாது."

தம்பி சமையலறைப் பக்கம் திரும்பினான். "அக்கா, சொல்லேன், எப்படிப் பண்ணினே? எங்க அக்காதான் சார் எல்லாம். எங்களவிட்டு எங்கயும் போக மாட்டாங்க."

அக்கா அப்போது சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவி, வேறு புடவை மாற்றி, பால்கனிப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். எல்லோரும் சாப்பிடுகிற சந்தடியில் சத்தமில்லாமல் நழுவிவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். மணி நாலரை. தம்பி சொன்ன கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் பின்வாசல் தேடுகிற எண்ணம் போய்விட்டது. நேரே மேஜைக்கு வந்தாள்.

"அந்த மணியிலயே சோப்பு மாதிரி ஒண்ணு இருக்கும்மா. துணியில கட்டி அலசணும். மூணு தண்ணியோட விட்டா கசக்கும். நுரை வராம போற வரைக்கும் அலசணும், ஏழு தண்ணி ஆகும்." பிறகு அதே குரலில், "நான் கொஞ்சம் கிளம்பணும், மன்னிச்சுக்குங்க. ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல எனக்கு ரூம் குடுத்திருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள சாவி வாங்கணும்" என்றாள்.

"அடடே, நல்ல விஷயமாச்சே" என்றார் மேனேஜர்.

தம்பி சிரித்தான். மேனேஜர் முன்னால் வேறென்ன செய்வான்? "எதுக்கு சார் ரூம், சும்மா சொல்றாங்க. உனக்கு இங்க என்னக்கா குறை?"

நேற்று வராத பதில் இன்றைக்கு வந்தது. "உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்க எனக்குன்னு ஒரு கதவு வேணும்ப்பா. அவ்வளவுதான்."

"எனக்கும்தான்" என்று மேனேஜர் மனைவி பட்டென்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகு தன் புருஷனைப் பார்த்து, சிரித்துக்கொண்டே அடுத்த கரண்டியை எடுத்தாள். மேனேஜருக்கு அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அக்கா தம்பியின் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குச் சாதாரணப் பேச்சாகத் தெரிகிற குரலில் சொன்னாள். "இந்தத் தடவை நானே போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்பா."

தம்பியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை. விருந்தாளிகள் இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பானோ. அவர்கள் இருந்ததால், "பாத்துப் போயிட்டு வாக்கா" என்றான்.

தம்பி பெண் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாள். "அத்தை, உன் பெட்டி?" என்று கிசுகிசுத்தாள். இருவரும் ஹாலைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிமேல் டிவி. டிவிக்கு முன்னால் மேனேஜர்.

"இருக்கட்டும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினாள். நாற்பத்தாறு வயதில் தெருவில் ஓடுகிறவளை நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். விடுதி அலுவலக வாசலில் போய் மூச்சிரைக்க நின்றபோது ஐந்துக்கு ஆறு நிமிஷம்.

வார்டன் கோப்பைத் திறந்தாள். மேலே புதுப் படிவம், அதற்கடியில் ஒரு பழைய தாள். அக்கா அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். 'எனக்கு அறை தேவையில்லை. என் தம்பி வீட்டில் எந்தக் குறையுமில்லாமல் இருக்கிறேன்.' தம்பியின் கையெழுத்து, நடுங்காமல், கோடு போட்ட மாதிரி. கீழே அவள் பெயரில் ஒப்பம். பெயரின் கடைசி எழுத்தில் அவள் ஒரு சுழி போடுவாள், அதுகூட இருந்தது. அவனுக்கு அ ஆ கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தது அவள்தான். எத்தனை தடவை எழுதிப் பழகினானோ. கண் நிறைந்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

புதுப் படிவத்தை நிரப்பினாள். கடைசியில் ஒரு கட்டம்: அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர். பேனா அங்கே நின்றது. வார்டன் கடிகாரத்தைப் பார்த்தாள். அக்கா உலகம் முழுக்கத் தேடிப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் எழுத வேறு பெயர் அவளிடம் இல்லை. தம்பியின் பெயரையே எழுதி, கீழே தன் பெயரைச் சுழி போட்டு முடித்தாள்.

பதினொன்றாம் எண் அறையில் ஓர் இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் யாரோ அடித்துவிட்டுப் போன இரண்டு ஆணி. துணிப்பையை ஆணியில் மாட்டினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து யாராவது தட்டுவார்களா என்று பழக்கதோஷத்தில் காத்திருந்தாள். யாரும் தட்டவில்லை. அரைமணி கழித்துப் போன்தான் அடித்தது.

"சாவி வாங்கிட்டியாக்கா?" தம்பி.

"வாங்கிட்டேன்."

"அந்தம்மா திருப்தியா சாப்பிட்டாங்க. மிச்சத்தை வீட்டுக்கும் கட்டிக்கிட்டாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த லெட்டர்..."

"பாத்தேன். என் கையெழுத்த என்னவிட நீ நல்லாப் போட்டிருக்க."

அவன் அழுகிறானோ என்று தோன்றியது. சின்ன வயதில் அவன் அழுதால் இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடப்பாள். இப்போதும் கால் அனிச்சையாக எழப் பார்த்தது. எழாமல் கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வந்து கூட்டிட்டு வரட்டுமா?" என்றான்.

"வாப்பா. வரும்போது பெட்டியக் கொண்டா."

"பெட்டியா? டிவிய எதுமேல வைக்கறது?"

பத்தொன்பது வருஷத்தில் அவன் அக்காவிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் அவள் ஏதாவது ஒரு வழி சொல்லியிருக்கிறாள். நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. பால்கனியில் பழைய ஸ்டூல் ஒன்று கிடக்கிறது, ஆடுகிற காலில் ஆணி அடித்தால் தாங்கும்.

"தெரியலப்பா" என்றாள்.